வண்டியில் ஏற வேண்டியவர் தாய்

28 வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நுரையீரலை விரித்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் அதற்குப் போதுமான அளவு ஊறியிருக்காது. ஈரத்தோல் வழியே உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பிறந்த கையோடு, துடைக்கக்கூட நிற்காமல், கழுத்துவரை பாலித்தீன் உறைக்குள் வைத்து வார்மரின் கீழ்க் கிடத்துகிறார்கள். மூக்கு வழியே அழுத்தக் காற்று; தேவையென்றால் சில மணி நேரத்துக்குள் சர்ஃபாக்டன்ட் மருந்து. தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் இந்தப் பாடம் ஒன்றுதான். பிள்ளை அந்த வார்மர்வரை வந்து சேரும் வழிதான் வேறு.

இலங்கையில் பெரும்பாலான பிரசவங்கள் மகப்பேற்று நிபுணர் உள்ள அரசு வைத்தியசாலைகளில் நடக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுக்கே போய்ப் பார்த்து, சிக்கல் தெரிந்தால் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார். நெடுந்தீவுக்காரி படகேறிக் குறிகட்டுவான் வந்து, பிறகு சாலை வழியே யாழ்ப்பாணம் போகவேண்டும்; அவ்வளவு தூரத்தையும் பிள்ளை வயிற்றுக்குள் இருந்தபடி கடப்பதே நல்லது.

தமிழ்நாடு பிரசவத்தை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், அதற்கு மேலே அவசர மகப்பேற்றையும் பச்சிளங்குழந்தைகளையும் கவனிக்கும் சீமாங்க் மையம், இன்குபேட்டர் பொருத்திய 108 வண்டி. 2020இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28 சிசுக்கள் இறந்தபோது இங்கே 13 என்பது சிறிய சாதனை அல்ல. ஆனால் 27 வாரப் பிள்ளைக்குப் பக்கத்து ஊர் போதாது. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தபின் தூரம் குறைந்திருக்கிறது. என்றாலும் பிறந்த பிள்ளையைத் தனியே ஏற்றி அனுப்பினால், தையல் போட்ட தாய் ஓர் ஊரிலும் பிள்ளை வேறோர் ஊரிலும் கிடக்க நேர்கிறது.

அந்தப் பிரிவு உயிரையே தொடும். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்று 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வு, ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள பிள்ளைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7 ஆக இருந்த இறப்பு 12 ஆகக் குறைந்தது.

பிரிக்காமல் தாயையே முன்கூட்டி அனுப்ப வழி இருக்கிறது. பிள்ளையின் நுரையீரலை முதிர்விக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசியின் முதல் தவணையைப் போட்டுத் தாயை அனுப்பிவைக்க, 2014 முதல் கிராம சுகாதார செவிலியருக்கும் அனுமதி உண்டு. ஊசி மட்டும் போதாது என்பதை 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கவனிக்கத் தக்க மருத்துவமனை பின்னால் இருந்தால் அதே ஊசி உயிர் காக்கும் என்று 2020இல் வந்த இன்னோர் ஆய்வு உறுதிசெய்தது. ஆகவே 34 வாரத்துக்குள் வலி கண்டால், ஊசியோடு 108 வண்டி வேறெங்கும் நிற்காமல் நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும், உள்ளே தாயோடு.