வலுவின்மையின் சொல்வன்மை: 2 கொரிந்தியர் மடலில் இறைச்சார்பும் மனிதத் திறனும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ இறைப்பணியில் மனிதத் திறனை நம்பாமல் இறைவனையே சார்ந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்துக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது பவுல் எழுதிய 2 கொரிந்தியர் மடலாகும். பேச்சுத்திறனைத் தன் பணிக்கு அடிப்படையாகக் கொள்ளாத ஒருவரின் மடல், பேச்சுக்கலையின் உத்திகள் செறிந்த படைப்பாக இருப்பது ஒரு முரண். அம்முரணை மடலின் 10 முதல் 13 வரையுள்ள அதிகாரங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பவுல், கொரிந்து, தற்புகழ்ச்சி, வலுவின்மை, அகுஸ்தீன்.

முன்னுரை

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியு சீசரால் குடியேற்ற நகரமாக மீண்டும் நிறுவப்பட்டது. இரு துறைமுகங்களுக்கு இடையே வணிகத்தால் செழித்த இந்நகரில், தம் பெருமையைத் தாமே கல்லில் பொறித்துக்கொள்வது இயல்பான வழக்கம். பதவி பெற்றமைக்கு ஈடாகத் தம் சொந்தச் செலவில் நடைபாதை அமைத்ததாகக் கூறும் எரஸ்து என்பவரின் கல்வெட்டு இன்றும் அங்குக் காணப்படுகிறது. இத்தகைய நகருக்குப் பரிந்துரை மடல்களோடு வந்த வேறு போதகர்கள், பவுலின் தகுதியை ஐயத்திற்கு உள்ளாக்கினர். அவருடைய மடல்கள் வலிமையானவை. ஆனால் அவர் நேரில் வலுவற்றவர், அவருடைய பேச்சு மதிப்பற்றது என்பது அவர்மீது கூறப்பட்ட குறை (10:10). பணியாளரின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது என்பதே இங்கு எழுந்த வழக்கு.

தற்புகழ்ச்சியும் அதன் தலைகீழாக்கமும்

தற்புகழ்ச்சி தகாது என்று விதிக்கும் பவணந்தியாரின் நன்னூல், அதற்கு நான்கு விலக்குகளையும் தருகிறது. எதிராளி தன்னைப் பழிக்கும் வேளை அவற்றுள் ஒன்று. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கும் தற்புகழ்ச்சி பற்றிய தம் கட்டுரையில், பழிக்கு மறுமொழி கூறும் இடத்தில் அதனை ஏற்கிறார். எனவே பவுல் தம்மைப் புகழ்ந்துகொள்ள இரு மரபுகளும் இடமளிக்கும் சூழலிலேயே நிற்கிறார். ஆனால் அவ்விடத்தை அவர் நிரப்பும் முறை வேறு. ‘அறிவிலி போல்’ பேசுவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அவர் அடுக்குவன அனைத்தும் இழிவுகள்: ஐந்து முறை முப்பத்தொன்பது கசையடிகள், மூன்று முறை தடியடி, ஒருமுறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம் (11:24-25). அகஸ்து பேரரசரின் செயற்பட்டியல் கல்வெட்டு வெற்றி விழாக்களை எண்ணிக்கையிட்டுக் கூறுவதைப் போலவே, இவர் தோல்விகளை எண்ணிக்கையிடுகிறார்.

பட்டியல் முடிவதும் ஓர் இழிவிலேயே. தமஸ்குவில் சன்னல் வழியாகக் கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கப்பட்டுத் தப்பியதை அவர் நினைவுகூர்கிறார் (11:32-33). பகைவர் மதிலில் முதலில் ஏறும் வீரனுக்கு மதில்முடி சூட்டுவது உரோமரின் வழக்கம். அதனை எதிர்நிலையாக்கும் காட்சியாக இதனை எட்வின் ஜட்ஜ் விளக்கியுள்ளார். ஏறி வென்றவனுக்கு மாறாக, இறங்கித் தப்பியவன் இங்குப் பேசுகிறான்.

அடுத்துவரும் விண்ணகக் காட்சியும் இம்முறையிலேயே அமைகிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்ற பேரனுபவத்தைப் பவுல் யாரோ ஒருவருக்கு நேர்ந்தது போலப் படர்க்கையில் கூறுகிறார். கேட்ட சொற்களையோ வெளியிடுவதில்லை. உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. நலமடைந்த கதையை எதிர்பார்க்கும் வாசகருக்குக் கிடைப்பது மறுக்கப்பட்ட வேண்டுதல். இறையருள் போதுமானது, இறைவல்லமை வலுவின்மையில்தான் நிறைவுறும் என்னும் விடை அம்மறுப்பின் நடுவிலேயே வருகிறது (12:7-9).

உத்தியா, உண்மையா?

1972இல் வெளிவந்த தம் ஆய்வில் ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ், இப்பகுதி சோக்ரதீசு மரபைச் சார்ந்த தற்காப்புரை என்று நிறுவ முயன்றார். இதனை முழுமையாக ஏற்பின், வலுவின்மையும் ஒரு நாடகப் பாங்காகிவிடும். இறைச்சார்பு என்பது திறனின் மற்றொரு பெயராகிவிடும். இங்கு ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். சோக்ரதீசின் முரண்நகையில் அறியாமை ஒரு திரை. அதற்குப் பின்னுள்ள வலிமையைக் கேட்போர் கண்டுகொள்வர். பவுலின் முள் அவ்வாறு விலகும் திரையன்று. அது இறுதிவரை நீக்கப்படுவதில்லை. தம் வலுவின்மையை அவர் சிலுவையில் அறையப்பட்டவரின் வலுவின்மையோடு இணைப்பதும் (13:4) சோக்ரதீசு மரபில் இல்லாத ஒன்று.

பவுல் திறனை முற்றாகத் துறக்கவும் இல்லை. பேச்சில் பயிற்சியற்றவரெனினும் அறிவில் தாம் குறைந்தவரல்லர் என்கிறார் (11:6). எருசலேம் ஏழைகளுக்கான நன்கொடையில் ஐயம் எழாதிருக்க, நம்பிக்கைக்குரிய பிறரையும் உடன் அனுப்புகிறார் (8:18-21). இறைவன் பார்த்துக்கொள்வார் என்று கணக்கை அவர் விட்டுவிடவில்லை. வெண்கலத்திற்குப் பெயர்பெற்ற நகரத்தாரிடம் பணியாளரை மண்பாண்டத்திற்கு ஒப்பிடுவது (4:7) இந்நிலைப்பாட்டைத் தெளிவாக்குகிறது. பாண்டம் பயனற்றதன்று, ஆனால் பாண்டமே செல்வம் ஆகாது.

அகுஸ்தீனின் வாசிப்பு

பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த அகுஸ்தீன், ‘கிறித்தவக் கோட்பாடு பற்றி’ என்னும் நூலின் நான்காம் பகுதியில் இதே பதினோராம் அதிகாரத்தைச் சொல்வன்மைக்கு எடுத்துக்காட்டாக ஆராய்கிறார். பவுல் அணிகளைத் தேடிச் செல்லவில்லை. மெய்யறிவைப் பின்தொடர்ந்து அவை தாமே வந்தன என்பது அவர் முடிவு. போதகர் சொற்பொழிவாளர் ஆவதற்கு முன் மன்றாடுபவர் ஆகவேண்டும் என்றும் அவர் வலியுறுத்துகிறார். எனினும் பேச்சுக்கலையைக் கற்பதை அவர் விலக்கவில்லை. முரணை நீக்காமல் அதற்கு ஒரு வரிசைமுறை தந்ததே அவர் வாசிப்பின் சிறப்பு.

முடிவுரை

2 கொரிந்தியர் மறுப்பது திறனையன்று. திறனைத் தகுதிச் சான்றாகக் காட்டுவதையே. இம்மடலைக் காட்டி உழைப்பையும் ஆயத்தத்தையும் தவிர்ப்போர் எட்டாம் அதிகாரத்தை மறந்தவராவர். வலுவின்மையையே விருதாக அணிந்துகொள்வோர் பன்னிரண்டாம் அதிகாரத்தை மறந்தவராவர். அங்குள்ள முள் பவுல் தேர்ந்துகொண்டதன்று, நீங்க வேண்டும் என்று அவர் மன்றாடியது. கேட்டது கிடைக்காத நிலையிலும் பணியைத் தொடர்வதே இம்மடல் காட்டும் இறைச்சார்பு என்பது இவ்வாய்வின் வழிப் பெறப்படுகிறது.