பங்காரில் பிறந்த கடைசல்

வாஷிங் மெஷினின் வாஷ் மோட்டார் மாதிரி ஒரு தங்கமான பொருள் கிடையாது. மூன்று மாதமாகக் கண்ணில் படுகிறவரிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். இன்னும் ஆசை தீரவில்லை.

செம்பூர் வீட்டு பால்கனியில் மரம் கடைய ஒரு லேத் வேண்டும். அதற்குத் தாராவி 13-வது காம்பவுண்டை விட்டால் வேறு எங்கே போவது? மும்பை கழித்துக்கட்டியதெல்லாம் அங்கேதானே பிரித்து, தரம் பார்த்து, மறுபடி உயிர் பெறுகிறது! செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை உரித்துக்கொண்டிருந்த பங்கார் (அதாவது காயலான்) கடைக்காரர் எங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர். "என்ன அண்ணாச்சி, துணி துவைக்கிற மோட்டார வச்சா கட்டை கடையப் போறீய?" என்றவர், தண்டைக் கையால் சுற்றிப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மிக்ஸி மோட்டார் பக்கமே போகாதீர்கள். நிமிஷத்துக்கு 18,000 சுற்று வரை ஓடும், அலறும், சூடேறும். வாஷ் மோட்டாரோ 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 1,400 சுற்றுச் சொச்சத்தில் அமைதியாக ஓடும்; தேய்வதற்குக் கார்பன் பிரஷ்ஷும் இல்லை. இதன் அழகே மூன்று ஒயரில்தான் இருக்கிறது. ஒன்று பொது. மற்ற இரண்டுக்கும் நடுவே கப்பாசிட்டர். உள்ளே இரண்டு சுருளும் ஒரே அளவு என்பதால், கரண்டை இந்த ஒயரில் கொடுத்தால் வலம், அந்த ஒயரில் கொடுத்தால் இடம். துணியை மாறி மாறிப் புரட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. லேத்தில் கட்டையின் மேற்பக்கம் நம்மைப் பார்த்து இறங்கி வர வேண்டும். எனக்கு முதலில் எதிர்ப்பக்கம் ஓடியது. பிளக்கைப் பிடுங்கி ஒரு ஒயரை மாற்றினேன், தீர்ந்தது!

கால்களுக்குப் பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புச் சட்டம். அதன்மேல் இரண்டு ஆங்கிள், ஒரு பெல்ட், இரண்டு புல்லி. பேரிங் மட்டும் பழசு வேண்டாம். நாக்தேவி தெருவில் 20 மி.மீ. தண்டுக்கான யூ.சி.பி. 204 இரண்டு புதிதாக வாங்கினேன். கட்டை துள்ளாமல் ஓடுவது அதனால்தான். எர்த் ஒயர், பெல்ட்டுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

பேக்கிங் பெட்டிப் பலகையில் கை பழகியதும், ஊரிலிருந்து வரவழைத்த மஞ்சக்கடம்பை மாட்டினேன். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைகிற மரம் அது. உளி பட்டதும் சுருள் சுருளாக மடியில் விழுகிறதே, அந்த வாசனைக்கே இத்தனை பாடும் படலாம். பிறகு அரக்கு. ஓடுகிற கட்டையில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே இளகி வளையமாக ஒட்டிக்கொள்கிறது. தாழை மடலை வைத்து அழுத்த, மங்கலாக இருந்த சிவப்பு சரசரவென்று பரவி, கண்ணெதிரே கண்ணாடியாகிறது. சன்னபட்டணத்துப் பொம்மைகளின் பளபளப்பும் இப்படி வருவதுதான். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

சொப்பு இட்லிக் கொப்பரை முடிந்தது. மூடியை வைத்தால் 'டொப்' என்று உட்காருகிறது. உரலும் திருகையும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை உரல்.