கிரனாடாவும் நாமும்

ஒரு நகரின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டு அளந்து காட்டுவது ஆளும் வர்க்கத்தாரின் நெடுநாளைய வழக்கம். அம்மாளிகைகளை எழுப்பிய கைகள் எவை, பின்னாளில் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது மக்கள் இலக்கியத்தின் கடமை. தென் ஸ்பெயினின் கிரனாடா நகரைப் பற்றி எழுந்த எழுத்துக்களை இவ்வளவுகோல் கொண்டே இங்கு மதிப்பிட முனைகின்றோம். வவுனியாவுக்கு அருகே, குளத்தையே தன் பெயரில் தாங்கிய நெளுக்குளத்திலிருந்துகொண்டு ஐரோப்பிய நகரொன்றைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். அதற்குரிய காரணம் நமது வரலாற்றிலேயே இருக்கின்றது.

ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம்களின் இறுதி அரசுக்குத் தலைநகராய் விளங்கியது கிரனாடா. 1349இல் அங்கே மதரஸா என்னும் உயர்கல்விக்கூடம் நிறுவப்பட்டது. 1492 சனவரி 2இல் நகரம் கத்தோலிக்க மன்னர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, முஸ்லிம்களின் மதமும் சொத்தும் வழக்காறும் காக்கப்படும் என்று உடன்படிக்கை உறுதி கூறிற்று. எட்டாண்டு நிறைவதற்குள் அவ்வுறுதி காற்றில் பறந்தது. பேராயர் சிஸ்னேரோஸின் ஆணைப்படி அரபு நூல்கள் பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் தீக்கிரையாயின. மருத்துவ நூல்கள் மட்டும் பயன் கருதி விலக்கப்பட்டன. 1567இல் அரபு மொழியில் பேசுவதும் குற்றமாயிற்று. 1609 முதல் 1614 வரை, கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானோரின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 300,000 பேர் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டனர். இங்கு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. வலென்சியாவில் பிறப்பிக்கப்பட்ட 1609ஆம் ஆண்டுக் கட்டளை, நூறு குடும்பங்களுக்கு ஆறு குடும்பம் என்ற அளவில் சிலரை இருத்திக்கொள்ள இடமளித்தது. நீர்ப்பாசன வாய்க்கால்களையும் சர்க்கரை ஆலைகளையும் நெல் அறுவடையையும் பேணுவதற்கு ஆள் வேண்டுமல்லவா? உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்ற அதிகார வர்க்கத்தின் உள்ளம் இதைவிடத் தெளிவாக வெளிப்படுதல் அரிது.

இந்நகரைப் பாடியோர் பலர். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1829இல் அல்ஹம்ப்ரா அரண்மனையிலேயே தங்கி, 1832இல் வெளியிட்ட கதைத்தொகுதி உலகப் புகழ் பெற்றது. மூர்கள் மீது அவருக்குப் பரிவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பரிவு நிலவொளியில் மயங்கிய பரிவு. அவருடைய மூர்கள் இளவரசிகளும் மந்திரவாதிகளும் புதையல் காக்கும் ஆவிகளுமே. மாண்டவர் அழகாய்த் தோன்றுவதும் உயிரோடிருப்பவர் இடையூறாய்த் தோன்றுவதும் இத்தகைய எழுத்தின் இயல்பு. இன்றும் கிரனாடா, சனவரி 2ஆம் நாளை வெற்றி விழாவாகக் கொண்டாடிக்கொண்டே, தோற்றவரின் அரண்மனையைக் காட்டி உல்லாசப் பயணிகளை அழைக்கின்றது.

இதற்கு மாறான பார்வையை, கிரனாடா மண்ணில் 1898இல் பிறந்த கவிஞர் பெதெரிகோ கார்சியா லோர்காவிடம் காண்கின்றோம். ‘திவான் தெல் தமரீத்’ என்ற அவரது தொகுதியிலுள்ள கவிதைகள் ‘கசேலா’, ‘கசீதா’ என அரபு, பாரசீக மரபின் பெயர்களைத் தாங்கியவை. யாப்பை அவர் அப்படியே பின்பற்றவில்லை. பெயரையும் உணர்ச்சிச் செறிவையுமே பெற்றுக்கொண்டார். ஆனால் அந்நூலில் அரண்மனைக் காட்சி இல்லை. இறந்துபோன குழந்தை உண்டு; நீரால் காயமுற்றவன் உண்டு. துரத்தப்பட்டவரின் துயரைப் பழங்கதையாக்காமல் தன் காலத்துத் துயராக உணர்ந்த உள்ளம் அது. உழைப்பாளியின் முகம் அதில் தெளிவுறவில்லை என்பதையும் நாம் கூறியாக வேண்டும். கிரனாடாப் பல்கலைக்கழகம் வெளியிடவிருந்த அந்நூலுக்கு அரபு அறிஞர் எமிலியோ கார்சியா கோமெஸ் முன்னுரை எழுதியிருந்தார். 1936 ஆகஸ்டில் பாசிசவாதிகள் கவிஞரைச் சுட்டுக் கொன்றனர். அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த அரபு அறிஞர் சல்வதோர் விலாவும் அதே ஆண்டு ஒக்டோபரில் சுடப்பட்டார். நூல் 1940இல் நியூயோர்க்கிலேயே வெளிவந்தது.

லோர்கா கொல்லப்பட்ட இடத்தின் அருகே அல்பகார் ஊற்று உள்ளது. அங்கிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுசென்ற ஐனதமர் வாய்க்கால் 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் வெட்டியது. இத்தகைய வாய்க்கால்கள் சியரா நெவாடா மலைச்சரிவெங்கும் உள்ளன. பனி உருகும் நீரை மேற்சரிவில் நிலத்துள் ஊறவிட்டு, மாதங்கள் கழித்துக் கீழுள்ள ஊற்றுக்களில் வெளிப்படச் செய்யும் நுட்பம் அவற்றுள் அமைந்தது. மாரி நீரைக் குளத்தில் தேக்கித் துருசு திறந்து சிறுபோகம் செய்யும் வன்னிக் கமக்காரருக்கு அதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. 2014 முதல் கிரனாடாப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆய்வாளர் மாணவரையும் ஊர்க் கமக்காரரையும் சேர்த்துக்கொண்டு, மண்வெட்டி ஏந்தித் தூர்ந்த வாய்க்கால்களை மீட்டு வருகின்றனர். இர்விங் காணாததையும் லோர்கா முழுமையாய்க் காட்டாததையும் இவ்வாய்வு காட்டுகின்றது. ஒரு மக்களின் உண்மையான மரபு அவர்களது உழைப்பே.

இனி நம்மிடம் வருவோம். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர், ஐபீரியாவில் தம் பகைவருக்கு வழங்கிய ‘மூர்’ என்ற பெயரையே இங்கிருந்த சோனகருக்கும் சூட்டினர். அரசாங்கக் கணக்கெடுப்பில் அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் பயின்று, தமிழில் நூல் எழுதிய ஏ. எம். ஏ. அசீஸ் அச்சமூகத்தின் மைந்தர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அக்கொடுமையைப் பாடிய கவிதைகளுள் தலையாயது ‘புத்தரின் படுகொலை’. அதை எழுதிய எம். ஏ. நுஃமான் ஒரு முஸ்லிம். நம் நூல்களுக்காக அவர் குரல் எழுப்பினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். அப்போது நம்முள் எத்தனை பேர் குரல் எழுப்பினோம்?

ஒருவரும் பேசவில்லை எனல் பொய். கவிஞர் சிலர் கண்டித்தனர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர் நடந்ததைப் பதிவு செய்தனர். அவ்வமைப்பை நிறுவியோருள் ஒருவரான ராஜினி திராணகம அதற்கு ஓராண்டு முன்னரே, 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அச்சம் உண்மையானதே. ஆனால் 2009க்குப் பின்னரும் நீடிக்கும் மௌனத்துக்கு அச்சத்தைக் காரணமாகக் காட்டல் தகுமா? திரும்பி வந்தோர் சிலரே. பெரும்பாலோர் புத்தளத்தில் வேரூன்றிவிட்டனர். நூலகத்தின் சாம்பலை நினைவுகூரும் நம் மேடைகளில், பூட்டுடைந்த சோனகத் தெரு வீடுகள் நினைவுகூரப்படுவது அரிதாகவே உள்ளது.

நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மட்டும் பாடும் இலக்கியம் முற்போக்கு இலக்கியம் ஆகாது. யாழ்ப்பாணத்திலும் பம்பைமடுவிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் உண்டு. வெளியேற்றப்பட்டோரின் முதிய தலைமுறை மறைந்து வருகின்றது. அவர்களது கடைகள், கமங்கள், பள்ளிக்கூடங்கள், அயலவரோடு கொண்ட உறவு ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே திரட்டிப் பதிவதும், மீள விரும்புவோரின் காணியுரிமைக்காக அவர்களோடு நிற்பதும் ஆசிரியரும் மாணவரும் இன்றே தொடங்கக்கூடிய பணிகள். தூர்ந்த வாய்க்காலில் மண்வெட்டியோடு இறங்கக் கிரனாடா 400 ஆண்டுகள் தாமதித்தது. நாமும் அவ்வளவு காலம் தாமதிக்கலாகாது.