பாலுணர்வுத் திரைப்படங்களில் வேட்கையின் இன்மை: சில குறிப்புகள்

பாலுணர்ச்சியை விலைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பற்றி நம்மிடையே எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஒழுக்கவியல் நோக்கிலேயே அமைந்துள்ளன. அவை இளைஞரைக் கெடுப்பன என்பது ஒரு சாரார் வாதம். அவற்றைத் தணிக்கை செய்வது கலைஞனின் உரிமையைப் பறிப்பதாகும் என்பது மறுசாரார் வாதம். அப்படங்களில் காமம் உண்டு என்பதை மட்டும் இரு சாராரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டே வாதிடுகின்றனர். அந்த எடுகோளை ஐயுற்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புசல்லாவையைச் சூழ்ந்த தோட்டங்களில் 1980களின் பிற்பகுதியில் ‘டெக்’ வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தோருக்கு இது புதிய செய்தியன்று. திருவிழா முடிந்த இரவில் இரண்டு தமிழ்ப் படங்கள் ஓடும். பெண்களும் பிள்ளைகளும் உறங்கச் சென்றபின், பெயர் எழுதப்படாத கசெட் ஒன்று போடப்படும். இக்கட்டுரையாளனும் அக்கூட்டத்தில் ஒருவனாக இருந்ததுண்டு. சிலர் சிரித்தனர், சிலர் கேலி பேசினர், கசெட் முடியுமுன்னரே பெரும்பாலோர் உறங்கிவிட்டனர். அதே கூட்டம் முன்னிரவில் மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) படத்தில், கணவனின் தொடுகை கம்பளிப்பூச்சி ஊர்வது போலிருப்பதாக மனைவி கூறும் கட்டத்தை மூச்சடக்கிப் பார்த்தது. அங்கே ஆடை எதுவும் குலையவில்லை. தொடுகையே மறுக்கப்பட்டது. எனினும் இருவருக்குமிடையே ஏதோ நிகழ்கிறது என்பதை ஒவ்வொருவரும் உணர்ந்தனர். இன்று சினிமா பற்றி எழுதுவோர் ‘கெமிஸ்ட்ரி’ என வழங்குவது இதனையே.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நமது பழைய கவிதையியல் பெரிதும் உதவும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காதலின் தொடக்கநிலை மெய்ப்பாடுகளாகக் கூறுவனவற்றைக் கூர்ந்து நோக்குக. எதிர்ப்படும் பார்வையை விரும்பி ஏற்றல், நெற்றி வியர்த்தல், எழும் நகையை மறைத்தல், தன் உள்ளச் சிதைவைப் பிறர் அறியாது காத்தல் ஆகியனவே அவை. இவற்றுள் வியர்வை விருப்பின்றித் தோன்றுவது. ஏனையவற்றுள் இரண்டு மறைக்க முயல்வன. வெளிப்படலுக்கும் மறைத்தலுக்கும் இடையிலான இப்போராட்டத்தை வாசிக்க மற்றொருவர் எதிரே இருத்தல் வேண்டும். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்களை அமைத்தமை தற்செயலானதன்று என்றே கொள்ளத் தோன்றுகிறது. பொருட்பாலில் அது 71ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். அரசன் முகத்தை அமைச்சன் வாசித்தாற்போலக் காதலர் ஒருவரையொருவர் வாசிக்கின்றனர். காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவியும் ஊடலும் பற்றியனவாதலும் மனங்கொள்ளத்தக்கது. மறுக்கும் உரிமையுடைய ஒருவர் எதிரே இல்லையெனில் ஊடலுக்கு இடமேது?

இனி, பாலுணர்வுப் படம் உற்பத்தியாகும் முறையை நோக்குவோம். 1978இல் ஐ. வி. சசி இயக்கிய ‘அவளுடே ராவுகள்’ என்னும் மலையாளப் படம், உடலை விற்று வாழும் பெண்ணொருத்தியை அனுதாபத்துடன் சித்திரித்தது. பின்வந்தோர் அதன் சுவரொட்டியைப் பின்பற்றினரேயன்றி அதன் மனிதநேயத்தைப் பின்பற்றினாரல்லர். 2000ஆம் ஆண்டளவில் ‘கின்னாரத்தும்பிகள்’ பெற்ற வசூலைத் தொடர்ந்து ஷகீலா நடித்த படங்கள் அலையாக வந்து, தமிழிலும் பிற மொழிகளிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டன. மலையாளத்தில் ‘துண்டு’ என்றும் தமிழில் ‘பிட்டு’ என்றும் வழங்கப்படுவன இத்துறையின் இயல்பை நன்கு புலப்படுத்தும் சொற்களாகும். தணிக்கைச் சான்றிதழ் பெற்றபின் வேறோரிடத்தில் எடுக்கப்பட்ட காட்சித் துண்டங்கள் திரையரங்கிலே படச்சுருளுடன் ஒட்டப்பட்டன. தமக்குப் பதிலாக மாற்றுடல் பயன்படுத்தப்பட்டமை பற்றி ஷகீலாவே வெளிப்படையாகப் பேசியுள்ளார். ஆகவே திரையில் ‘ஒருத்தி’யாகத் தோன்றுபவளின் முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது. இத்தகையவளை எதிர்நின்று நோக்கும் ஆண் எவரை நோக்குகிறான்? படப்பிடிப்பின்போது அவன் எதிரே பெரும்பாலும் அவள் இருந்ததேயில்லை. நெற்றி வியர்த்தலைக் காண ஒரே சட்டகத்தில் இரு முகங்கள் வேண்டும். துண்டுகளை ஒட்டும் முறையிலேயே அது விலக்கப்பட்டுவிடுகிறது. நடிகரின் திறமையின்மையைக் குறைகூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

மறைப்பதே கலை, காட்டுவது கலையன்று என்று இதற்குப் பொருள் கொள்ளல் தவறாகும். யப்பானிய இயக்குநர் நகிசா ஓஷிமாவின் ‘புலன்களின் இராச்சியத்தில்’ (1976) எதனையும் மறைக்காத படம். ஆயினும் அதன் காதலர் இருவரும் ஒருவரையொருவர் கணமும் விட்டு நீங்காது நோக்குகின்றனர். போருக்கு அணிவகுத்துச் செல்லும் படையினருக்கு எதிர்த்திசையிலே நாயகன் நடந்து செல்லும் காட்சியில், அவ்வேட்கை வரலாற்றுக்கே முதுகு காட்டும் நிலையை எய்துகிறது. அதற்கு ஈராண்டு முன்னர் வெளிவந்த பிரெஞ்சுப் படமான ‘எமானுவேல்’, பாரிசில் ஆண்டுக்கணக்கில் ஓடியபோதிலும், அழகிய தளபாடங்களின் விளம்பரம் போன்றே எஞ்சிவிட்டது.

நமது நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான சான்று ஒன்றுண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972) படத்தில், புதையலைப் பெறும்பொருட்டுப் பலியிடுவதற்காக, கழுத்திலே நான்கு மச்சங்களையுடைய பெண்ணைத் தேடி மணம்புரிகிறான் ஒருவன். காமினி பொன்சேகா பார்க்கும் பார்வை முதலிலே ஒரு துண்டின் மீது, ஒரு கழுத்தின் மீது மட்டுமே விழுகிறது. பிட்டுப் படத்தின் பார்வையும் இதுவேயாம். ஆனால் லெஸ்டர் அப்பார்வையையே தம் படத்தின் பயங்கரமாக்குகின்றார். மாலினி பொன்சேகாவின் அன்பினால் அக்கழுத்து மெல்ல மெல்ல ஒரு மனுஷியாகிறது. அவனோ அவளை நேசிக்கத் தொடங்கிய பின்னரும் பலியை நினைக்கிறான். 1990களில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற முத்திரையையே விளம்பரமாகக் கொண்டு வந்த சிங்களப் படங்கள் பல இம்மரபை அறிந்தனவாகவே தெரியவில்லை.

மலையக வாசகருக்கு இவ்விடயம் வெறும் அழகியற் பிரச்சினையன்று. லயத்துக் காம்பராவில் பெற்றோர், பிள்ளைகள், மணமான மகன் ஆகியோர் ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்க, தம்பதியர்க்குத் தனிமை என்பது பல தலைமுறையாகக் கிட்டாத ஒன்றாயிருந்தது. பேச்சை அடுத்த காம்பரா கேட்கும். ஆகவே கண்ணாலும் குரலின் ஏற்றவிறக்கத்தாலும் பேசிப் பழகிய மக்கள் இவர்கள். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் காதல் வேலைத்தலத்திலும் வழியிலும் வளர்வதைக் காணலாம். குறிப்பறிதலில் இத்துணைப் பயிற்சியுடைய மக்களுக்கு, அந்தரங்கத்தின் ஒரே படமாக அந்தக் கசெட்டுகள் வந்து சேர்ந்தன. ‘கின்னாரத்தும்பிகள்’ தேயிலைத் தோட்டத்தையே பின்புலமாகக் கொண்டிருந்தும், நம் மலைகளிற் கூடை சுமப்போர் எவரும் அதில் தம்மைக் கண்டிருப்பரெனத் தோன்றவில்லை.

பெயரற்ற அந்தக் கசெட்டில் இருந்த படம் யாதென இக்கட்டுரையாளன் இன்றும் அறியான். அதில் நடித்தோருள் ஒரு முகமேனும் நினைவில் இல்லை. கம்பளிப்பூச்சி என்ற சொல்லைக் கேட்ட மோகனின் முகம் நினைவிலிருக்கிறது.