நிறைகுடமும் கோடி போகும் ஏரியும்

மிகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘அபண்டன்ஸ்’, ‘பிளெத்தோரா’ என்னும் இரு சொற்கள் உண்டு. நாளேடுகளில் இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று எழுதப்படுகின்றன. பிறப்பை நோக்கினால் இவை உறவினர் அல்லர். நற்செய்தியின் ஒரு சொல் தமிழில் முழுமையாக வந்து சேர்ந்ததா என்னும் ஐயமே இவற்றை ஒப்பிடத் தூண்டியது.

முன்னதன் தாய்மொழி இலத்தீன். ‘உந்தா’ என்றால் அலை. ‘அபுந்தாரே’ என்றால் கரைமீறி வழிதல். பின்னது கிரேக்கம், நிரம்பியிருத்தல் என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டில் மருத்துவர் வழியாக அது ஆங்கிலத்துள் நுழைந்தது. உடலில் குருதி அளவுக்கு மேல் கட்டிக்கொள்ளும் நோய்க்கு அது பெயர். இரத்தநாளத்தைக் கீறிக் குருதியை வெளியேற்றுவதே அன்றைய சிகிச்சை. நூல்கள் பெருகிக் கிடப்பதை இச்சொல்லால் பாராட்டுவோர், தாம் நோயொன்றின் பெயரைச் சொல்வதாக எண்ணுவதில்லை!

முதற்சொல்லை விளங்கிக்கொள்ளக் காட்டுப்பாக்கத்தார்க்கு அகராதி வேண்டா. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. வட தமிழகத்துச் சிற்றூர்களில், ஏரி நிரம்பி வழிவதைக் ‘கோடி போகிறது’ என்பர். கோடி என்பது கடைமுனை. நூறு இலட்சமும் கோடிதான். ‘வெள்ளம்’ என்பதும் பழந்தமிழில் ஒரு பேரெண்ணின் பெயர். மேலேரியின் மிகுதி கீழேரிக்கு வரவு என்பதே நம் ஏரித்தொடர்களின் அமைப்பு. ஆயினும் 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது, வழிவதெல்லாம் நன்மை அன்று என்பதையும் கண்டோம். (நீரின் வழியை அடைத்தவர் யார் என்பது தனிக் கேள்வி.)

இனி நற்செய்திக்கு வருவோம். யோவான் 10:10இல் இயேசு தாம் தரும் வாழ்வைச் சுட்டும் கிரேக்கச் சொல் ‘பெரிஸ்ஸோன்’. அளவுக்கு மேற்பட்டது என்று பொருள். இலத்தீன் வுல்காத்தாவில் அது ‘அபுந்தான்சியுஸ்’ ஆயிற்று. அலை உள்ளே இருக்கிறது. தமிழிலோ, சீர்திருத்தச் சபையாரின் பழைய திருப்புதல் ‘பரிபூரணம்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘நிறைவு’ என்கிறது. வடமொழிப் ‘பூர்ண’மும் கிரேக்கப் ‘பிளெத்தோரா’வும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது வியப்புக்குரியது. நம் இரு சொற்களுமே விளிம்போடு நின்றுவிடுகின்றன. நிறைகுடம் தளும்பாது என்பது நமக்குப் பெருமை; யோவான் காட்டும் குடமோ தளும்புகிறது.

அப்பம் பெருகிய நிகழ்ச்சியில் எஞ்சிய துண்டுகளைச் சொல்லவும் யோவான் இதே வேரிலிருந்து வந்த சொல்லையே ஆள்கிறார். அந்த 12 கூடைகளுக்கும் வாழ்வுக்கும் இடையே அவர் இட்ட முடிச்சு தமிழில் அவிழ்ந்துவிட்டது. ‘மிகுதி’ என்றிருப்பின் அது காக்கப்பட்டிருக்கும். மிகுதி என்றால் எச்சமும் ஆகும் அன்றோ?

மொழிபெயர்ப்பாளர் தயங்கியிருக்கவும் காரணம் உண்டு. உடைமை பெருகுவதால் வாழ்வு வராது என்னும் லூக்கா 12:15இலும் அதே வேர்தான். அங்கே தமிழ் ‘மிகுதி’ என்கிறது. அதை அடுத்தே, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமை வருகிறது. ஏரிக்குக் கோடி வைக்காமல் கரையை மட்டும் உயர்த்தியவன் அவன். அவனுடைய சொல்லை வாழ்வுக்கும் சூட்ட மனம் ஒப்பவில்லை போலும். கிரேக்கம் அதற்குக் கூசவில்லை. அடுத்த திருத்தப் பதிப்பில், அடிக்குறிப்பாகவேனும், ‘மிகுதியாக’ என்னும் சொல்லுக்கு யோவான் 10:10இல் இடம் தரலாம்.