உழைச்செல்வான் ஒரு பெண்

செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இறந்தவர்கள் எத்தனை, காயம்பட்டவர்கள் எத்தனை என்று செய்திகள் கணக்குச் சொல்லின. கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இத்தகைய கணக்குகளில் என்றுமே இடமில்லை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவர். கடைசியாகச் சொன்னவருக்குக் குறள் தரும் பெயர் 'உழைச்செல்வான்'. இலக்கணப்படி ஆண்பால், இருபாலுக்கும் பொது என்று உரை சொல்லிச் சமாளிக்கலாம். நம் வார்டுகளில் தரையில் பாய்விரித்துக் கிடப்பவரோ பெரும்பாலும் அம்மா, மனைவி, மகள்.

உழைச்செல்வானிடம் பரிமேலழகர் எதிர்பார்க்கும் குணங்களில் ஒன்று, நோயாளியிடம் அன்பு. நோயாளிக்கு அவர் சொல்பவற்றில் இரண்டு: நோய்நிலையை எடுத்துச்சொல்வது, மருந்தின் துன்பத்தைப் பொறுப்பது. பெண்களுக்கு நாம் கற்றுக்கொடுத்தது பொறுப்பதை மட்டும்தான். புற்றுநோயில் மார்பை இழந்தவள், டயாலிசிஸுக்குக் கை நீட்டுபவள், "பயமா இருக்கு" என்று வாய் திறந்தால், "தைரியமா இரும்மா" என்று அடக்கிவிடுகிறோம்.

உடல்நோயாளியின் அச்சத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. புற்றுநோயாளிகளுக்கென்றே ஓர் உளவியல் பிரிவு வளர்ந்திருக்கிறது. ஆனால் வார்டில் அந்த வேலை, அன்பு என்ற பெயரில், சம்பளமோ பயிற்சியோ இல்லாமல் உடனிருக்கும் பெண்ணின் தலையில் விழுகிறது. நோயாளியைத் தேற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுகிறவள் அவள்.

உளவியல் ஆலோசகர் வார்டுக்கே வர வேண்டும். கட்டிலில் இருப்பவரோடு பேசியபின் பாயில் இருப்பவளிடமும் கேட்க வேண்டும்: "நீங்க சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?"