சிசோல்மின் கட்டடக் கலை: ஒரு மதிப்பீடு

ஐரோப்பியக் கட்டடத்தின்மீது மொகலாயக் குவிமாடத்தை ஏற்றியவர் என்றே இராபர்ட் சிசோல்ம் (1840-1915) பலரால் மதிப்பிடப்படுகிறார். இம்மதிப்பீடு பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

1870-இல் நிறைவுற்ற சென்னை மாநிலக் கல்லூரி இத்தாலியப் பாணியைப் பெரிதும் தழுவியது. நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த காலத்தில் (1866-1872) மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கிற்று. அதனை நடத்திய சிசோல்முக்கு நாட்டுக் கட்டட மரபை அணுகிக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. பின்னெழுந்த சென்னைச் செனட் மண்டபத்தில் (1874-1879) இசுலாமிய, பைசாந்தியக் கூறுகள் விரவி வருகின்றன. மூலைக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் கண்ணைக் கவர்வன. ஆயின், அவை இந்நிலத்தின் தேவையிற் பிறந்தன அல்ல. அவ்வளவில் குறை கூறுவார் கூற்று ஏற்புடைத்தே.

திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகமோ (1880) வேறு வகையினது. சரிந்த ஓட்டுக் கூரையும் மரவேலைப்பாடும் காற்றுப் புகும் அமைப்பும் மலைநாட்டு மழைக்கும் வெம்மைக்கும் ஏற்றன. அங்கு அணி பயனோடு ஒன்றுகிறது. ஆகவே, சிசோல்மின் சிறப்பைக் குவிமாடங்களில் தேடுதல் முறையன்று. நாட்டுத் தச்சரின் மரபுக்கு அவர் மாணவரான இடத்திலேயே அது விளங்குகிறது எனல் தகும்.